இறுகிய மெஷினும் இல்லாத புத்தகமும்

ஜூலை 9, ஞாயிறு

ஹார்டுவேர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஜூலையில் திறக்கிறேன். பஸ் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க ட்ரிப் ஷீட் எழுதிய கை இது. ஏறியவர், இறங்கியவர் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. ரிட்டயர் ஆனபிறகு அதுவும் போயிற்று. இன்று எழுதக் காரணம் இருக்கிறது.

காலையில் இட்லி வைத்துக்கொண்டே தமயந்தி சொன்னாள்.

"அப்பா, கரூர்ல கடை பாத்திருக்கேன். ஷமீமா பார்லர் வெச்சிருக்கால்ல, அதுக்குப் பக்கத்துக் கடை. ஆவணி ஒண்ணாந்தேதி தொறக்கணும்னு ஓனர் சொல்றாரு. தங்குறதுக்கு ஷமீமா வீட்டு மாடி. அம்மா மெஷின எடுத்துட்டுப் போறேன்."

"அது இறுகிப் போயில்ல கெடக்கு?"

"நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க. சரி பண்ணிக் குடுங்க."

சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம். பேப்பரில் வரிவிளம்பரம் வரை படிக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

"புதுசா ஒண்ணு வாங்கிக்கயேம்மா" என்றேன்.

"மொதத் தையல் அம்மா மெஷின்லதான். நீங்க உங்க கையால எடுத்துக் குடுக்கணும். அம்மா அப்படித்தான தாத்தா கையால வாங்கினாங்க? நீங்க குடுத்து, போயிட்டு வாம்மான்னு சொன்னாத்தான் நான் படி இறங்குவேன்."

சரி என்று தலையாட்டினேன். இருபத்தொன்பது வயதுப் பெண். தில்லைநகரில் இன்னொருத்தர் கடையில், இன்னொருத்தர் மெஷினில் ஊர் உலகத்துக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்பது அவள் அம்மா வேதா இருக்கும்போதே பேசிய பேச்சு. வேதா போய் மூன்று வருடம்.

கரூர் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். திருச்சியிலிருந்து அந்த ரூட்டில் ஓடியிருக்கிறேன். ஜீயபுரம், பெருகமணி, குளித்தலை, மாயனூர், முடிந்தது. பக்கம்தான். இன்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோது மட்டும் ஸ்டேஜ்கள் கூடிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 10, திங்கள்

மெஷினின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தரையில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது வீட்டில் இறுகியவை இரண்டு.

ஜூலை 12, புதன்

பெரிய கடை வீதியில் தையல் மெஷின் பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். அடிநூல் வைக்கிற பாபின் கேஸை மட்டும் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் அதை மூக்கருகே கொண்டுபோனார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன எண்ணெய் விட்டீங்க?"

"தேங்கா எண்ணெய்தான். சுத்தமான செக்கு எண்ணெய்."

"எப்பப்ப விடுவீங்க?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. சந்தனம், குங்குமம் வெச்சு, ஒரு ஊதுபத்தி கொளுத்திட்டு…"

"அண்ணே, மெஷினுக்கு விட்டீங்களா, சாமிக்கு விட்டீங்களா?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். தேங்காய் எண்ணெய் உள்ளே போய்ப் பிசின் மாதிரி உறைந்துவிடுமாம். வேதா போன பிறகு அவள் மெஷினை நான் கவனித்துக்கொண்ட லட்சணம் அது. கவனிக்காமல் விட்டிருந்தால்கூட ஓடியிருக்கும்.

துளை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மண்ணெண்ணெய் விட வேண்டும், சூடு காட்ட வேண்டும், சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது, பொறுமையாக ஆட்டிவிட வேண்டும் என்றார். "பழைய ஜெர்மன்காரன் மெஷின். புக்கு இல்லாம மட்டும் பிரிச்சிராதீங்கண்ணே."

நேற்றே பிரித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே போன மானம் போதும்.

ஜூலை 16, ஞாயிறு

ரேஷன் மண்ணெண்ணெய் இன்னும் கொஞ்சம் பாட்டிலில் இருந்தது. பழைய டூத் பிரஷால் அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்தேன். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியிலிருந்து நூல் குப்பை ஒரு கைப்பிடி வந்தது. பச்சை, மயில் நீலம், அரக்கு. யார் யார் வீட்டுக் கல்யாண ரவிக்கையோ. தனியாக ஒரு காகிதத்தில் எடுத்து வைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

தமயந்தி தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டினாள். தகப்பனும் மகளும் ஒரு இரும்புக்குத் தலை காயவைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, நூல் இறுக்கம் வெக்கிற திருகு எங்க?"

டம்ளரைக் காட்டினேன். உள்ளே வட்டத் தகடுகள், ஸ்பிரிங், ஒரு கொக்கி, இன்னும் என்னென்னவோ.

"எந்த வரிசையில கழட்டினீங்க?"

"ஏறின வரிசையில எறங்கிருவாங்கன்னு நெனச்சேன்."

சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அப்புறம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "புக்கு வேணும்ப்பா. படம் பாத்தாத்தான் மாட்ட முடியும். எங்கயாச்சும் தேடுங்க" என்றாள். தேடுகிறேன் என்றேன்.

ஜூலை 20, வியாழன்

புத்தகம் தேடிப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். ஜோசியம் இருக்கிறது, ரயில் அட்டவணை இருக்கிறது, தையல் மெஷின் புத்தகம் மட்டும் இல்லை. நாளை வேறு கடை.

மாலையில் தரகர் போன் செய்தார். நாமக்கல் மாப்பிள்ளை, போர்வெல் ரிக் வண்டி மெக்கானிக், நல்ல குடும்பமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போன வருடம் வந்த துறையூர்ப் பையனும் நல்ல பையன்தான். சாப்பிடும்போது சத்தம் வந்தது. அதற்கு முந்தியவன் ரொம்ப அமைதி, அதுவும் சரிப்படாது.

தமயந்தி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "இவரு எதுல ஃபெயிலுப்பா?"

"இன்னும் பாக்கலையேம்மா."

"பாத்துச் சொல்லுங்க."

ஜூலை 24, திங்கள்

சக்கரம் அசைந்தது.

காலையில் அவள் வேலைக்குப் போனதும் வழக்கம்போல மண்ணெண்ணெய் விட்டு, வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இன்று தூங்குகிற பிள்ளை புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சின்ன நெகிழ்வு. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். கால் சுற்று. அரைச் சுற்று. அப்புறம் ஊசிக் கம்பி மேலே போய்க் கீழே வந்தது. தரையில் உட்கார்ந்தபடி விசில் அடித்தேன். ரைட், போலாம் என்கிற விசில்.

சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்குத் துணியைப் போட்டு மூடினேன்.

"என்னாச்சுப்பா?"

"வேலை நடக்குதும்மா. புக்கு வரட்டும்."

புத்தகம் இல்லாமல் அசைந்தது என்று சொல்லி என்ன பயன்? தகடெல்லாம் டம்ளரில்தானே இருக்கிறது. அரைகுறையாகச் சொல்லி ஆசை காட்டக் கூடாது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. தமயந்தி அரை நாள் லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரும் காவிரிக்குப் போனோம். தண்ணீர் கொஞ்சம்தான், கூட்டம் பெருவெள்ளம். மஞ்சள் கயிறு வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று கேட்கத் தேவையில்லை. நானும் வேண்டிக்கொண்டேன். ஒரே படித்துறையில் நின்று இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டால் காவிரி என்ன செய்யும்?

திரும்பும்போது, "புக்குக்கு எங்கப்பா தேடுனீங்க?" என்றாள்.

சொன்னேன்.

"ஜோசியப் புக்கு விக்கிற எடத்துல தேடுனா எப்படிப்பா? கான்வென்ட் தையல் ஸ்கூல்ல இதே மெஷின் நாலஞ்சு இருந்துச்சு. அம்மா அங்க கொஞ்ச நாள் சொல்லிக் குடுத்தாங்கள்ல. பெர்னதெத் சிஸ்டரப் போய்ப் பாருங்க."

அட, இது எனக்குத் தோன்றவே இல்லையே என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

பெர்னதெத் சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்டக்டர் வேலையில் இருக்கும்போது அவருக்கு மீதிச் சில்லறை தராமல் இறக்கிவிட்டிருப்பேனோ என்று ஒரு பயம். அப்படியெதுவும் இல்லை.

"வேதவல்லி டீச்சரோட வீட்டுக்காரர்தான? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சளேறிய சின்னப் புத்தகம். இங்கிலீஷ். பக்கத்துக்குப் பக்கம் படம், படத்துக்குப் படம் நம்பர். "ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடுத்துருங்க. பொண்ணு கடை வைக்கிறாளாமே? பெரிய சந்தோஷம். டீச்சர் இருந்தா எப்படிப் பூரிச்சுப் போயிருப்பாங்க!"

ஆமாம் சிஸ்டர் என்றேன்.

பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் இரண்டு தடவை முட்டி மோதிப் பாஸ் செய்தவன் நான். ஆனால் படங்களுக்கு இங்கிலீஷ் தேவையில்லை. வீட்டுக்கு வந்து டம்ளரைக் கவிழ்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் பார்த்து மாட்டினேன். மிச்சம் எதுவும் இல்லை. நான் மாட்டிய ஒரு பொருளில் திருகாணி மிச்சமில்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

அவள் வந்து கேட்டபோது சிஸ்டர் ஊரில் இல்லை என்றேன். ஜெராக்ஸ் கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. முழுக்கச் சரி செய்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லலாமே என்றுதான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

முழுக்கச் சரியாகிவிட்டது.

தலையை ஸ்டாண்டில் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, புத்தகத்தில் உள்ளபடி நூல் கோத்து, என் பழைய லுங்கியை வைத்து மிதித்தேன். தையல் நேராகப் போகவில்லை. அது என் கால் செய்த தப்பு, மெஷின் மேல் குற்றமில்லை. அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. லுங்கி முடிந்து தலையணை உறை, தலையணை உறை முடிந்து துண்டு. தைக்க ஒன்றுமில்லாத துணிகளிலெல்லாம் தைத்துக்கொண்டே போனேன்.

பக்கத்து வீட்டுப் பிரேமாவதி மாவுக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"கண்டக்டரண்ணே… நீங்களா?" கண்ணில் தண்ணீர். "மத்தியான நேரத்துல இந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. வேதாக்காதான் தைக்கிறாங்களோன்னு ஒரு நிமிஷம்…" முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மாவு. "தமாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லாத பிரேமா. சர்ப்ரைஸா இருக்கட்டும்."

"எப்பக் குடுக்கப் போறீங்க?"

"பெல்ட்டு ஒண்ணு மாத்தணும்."

ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

தமயந்தி அசோகா அல்வா வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் வேறு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமாப்பா?"

"கத்திரிக்கா பிரமாதம்மா."

எழுந்து போய்க் கை கழுவினாள்.

ஆகஸ்ட் 12, சனி

சீக்கிரமே வந்துவிட்டாள். மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மூடியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பலகையைத் துடைத்தாள். மெஷின் கழுத்தைத் துடைத்தாள். சக்கரத்தைச் சுற்றி மட்டும் துடைத்தாள். ஒரு விரலை வைத்திருந்தால் சுற்றியிருக்கும். வைக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஓனர் செவ்வாக்கெழமைக்குள்ள சொல்லச் சொல்றாருப்பா. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் கேக்குறாராம்."

"பெல்ட்டு வரலியேம்மா."

"பெல்ட்டு எல்லாக் கடையிலயும் இருக்கும்ப்பா."

"இதுக்கு அளவு வேற."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுக்காதவனைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அவனாகக் காசை நீட்டட்டும் என்று.

அப்புறம் துணியைப் போட்டு மூடினாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

கடை கைவிட்டுப் போயிற்று. ஷமீமாவுடன் போனில் பேசிவிட்டு, "இல்லன்னு சொல்லிட்டேன்ப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"போனாப் போவுது. இங்கயே உறையூர்லயே பாத்துக்கலாம். நம்ம வாசல் ரூமையே கடையாக்கிட்டா என்ன? வாடகை இல்ல, பஸ் செலவு இல்ல, மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு…"

நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "படுக்கிறேன்ப்பா, தலை வலிக்குது" என்றாள்.

மெஷின் ஓடுகிறது என்று சொல்ல இன்று நல்ல நாளாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

திருப்பூர் போகிறாளாம். பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்கிற வேலை. அவர்களே ஹாஸ்டல் கொடுக்கிறார்கள்.

"திருப்பூரா? அது கரூரத் தாண்டியில்லம்மா இருக்கு?"

"தெரியும்ப்பா."

"அப்ப மெஷின்?"

"அங்க எல்லாம் கம்பெனி மெஷின்தான். அதுல போய் உக்காற யாரும் எதையும் சரி பண்ணிக் குடுக்க வேண்டியதில்ல."

பேச்சில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் சொல்லலாம். அது எனக்கு வரும். பஸ்ஸில் எத்தனை சண்டையைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன். அது ஒன்றுதான் எனக்குச் சரியாக வரும் வேலை.

ஆகஸ்ட் 31, வியாழன்

"மெஷின் சத்தமே கேக்கலையேண்ணே?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள் பிரேமாவதி.

"பெல்ட்டு" என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மெஷினின் தலையைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, சாக்கில் போட்டுக் கட்டினேன். மேலாக அந்த ஜெராக்ஸ் புத்தகம். முதல் பஸ்ஸுக்கே போய்விட்டேன். மடியில் வைத்தால் தொடை நசுங்குகிறது, கீழே வைத்தால் மனசு கேட்கவில்லை. சீட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கரூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

ஹாஸ்டல் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "ஆம்பளைங்க கேட்டோட சரி. மூட்டையில என்ன?" என்றார். சொன்னேன். சிரித்தார். "ஊர்ல இருக்கிற மெஷினெல்லாம் இங்கதான் இருக்குது, நீங்க ஒண்ணத் தூக்கிட்டு வந்தீங்களாக்கும்."

தமயந்தி வந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். விரலில் பிளாஸ்திரி. சாக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குனிந்து சாக்கோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்தாள். சக்கரம் இருந்த இடத்தில் கை கொஞ்ச நேரம் இருந்தது.

"இத எதுக்குப்பா தூக்கிட்டு வந்தீங்க? இடுப்பு என்னத்துக்காகும்?"

"தமா, இது ஓடுதும்மா." சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வேறு. வாயில் வந்தது இதுதான். "ஆடியிலயே ஓடிருச்சும்மா."

"தெரியும்ப்பா."

தெருவில் ஒரு வேன் போயிற்று. சாக்கை ஓரமாக நகர்த்தினாள்.

"பிரேமா அத்தை அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டாங்க. அவங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. நான்தான், எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குச் சொல்லாதீங்கன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா கேக்கல? மெஷின் ஓடுதே, எடுத்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை…"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்ப்பா. செவ்வாக்கெழமை சாயங்காலம் வரைக்கும் ஓனருக்குப் பேசாம, போனக் கையிலயே வெச்சிருந்தேன்."

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாள். அன்று சாயங்காலம் நான் டி.வி.யில் சுதந்திர தினப் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் அவள் போனோடு இருந்தாள். ஷமீமாவுடன் பேசுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"இப்பக் குடுக்கறேம்மா. என் கையாலயே குடுக்கறேன். இந்தா." சாக்கைத் தூக்கப் போனேன். இடுப்பு மறுத்துவிட்டது. பாதித் தூக்கலில் நின்றேன். அவள் பிடித்துக் கீழே வைத்தாள்.

"ரூம்ல ஆறு பேருப்பா. பெட்டி வெக்கவே எடமில்ல. இத எங்க வெப்பேன்?"

"புக்காவது வெச்சுக்க. சிஸ்டர்கிட்ட வாங்கினது."

எடுத்துப் புரட்டினாள். நூல் இறுக்கத் தகடுகளின் படத்தில் நான் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தேன். முதலில் இது, அடுத்து இது, இதை மறக்காதே என்று. அதைப் படித்தபோது அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. புத்தகத்தைச் சாக்குக்குள்ளேயே திரும்ப வைத்துக் கட்டினாள். அவள் போடுகிற முடிச்சு வேதாவின் முடிச்சு.

"உங்களுக்குத்தான்ப்பா வேணும். எண்ணெய் விடுறதுக்கு எந்தத் துளைன்னு பாத்து விடணும். மெஷின் ஆயில், தேங்கா எண்ணெய் வேணாம்."

டீக்கடையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். தீபாவளிக்கு வருவாயா என்று கேட்டேன். லீவு விட்டால் பார்க்கலாம் என்றாள். உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் சாக்கை ஏற்றுவதற்கு வாட்ச்மேனைத் துணைக்கு அனுப்பிவிட்டு, "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லிப் போனாள். நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

திருச்சி பஸ்ஸில் கண்டக்டர் சின்னப் பையன். பையைத் தோளில் போட்டிருந்த விதம் பழகியதாக இல்லை. சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"பெரியவரே, இதுக்கு லக்கேஜ் போடணும். உள்ள என்ன?"

"தையல் மெஷின் தம்பி."

"பழசா? ஓடுமா?"

"ஓடும்" என்றேன். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டேன்.